உள்ளே போன கார்டே வெளியேயும் வர வேண்டும்

கேள்வி: நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. ஸ்ரீரங்கத்தில் இருக்கிறோம். எனக்கு வயது 62, கணவருக்கு 68. மே மாத விடுமுறையில் லண்டனில், ஈஸ்ட் ஹாமில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். மகன் வழிப் பேத்தியும் (வயது 12) உடன் வருகிறாள். போகிற வழியில் சிங்கப்பூரில் என் தங்கை வீட்டில் நான்கு நாள் தங்குகிறோம். “கையில் பணமே வேண்டாம், போனில் கூகுள் பே இருக்கிறதல்லவா, அதைத் தொட்டுவிட்டு பஸ், ரயில் எல்லாம் ஏறலாம்” என்கிறாள் மகள். கணவரோ, எல்லாவற்றையும் பவுண்டு நோட்டாக மாற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு போகலாம் என்கிறார். அவரிடம் விசா கிரெடிட் கார்டு ஒன்று உண்டு. என்னிடம் ரூபே டெபிட் கார்டும், சென்னை மெட்ரோவில் போவதற்காக வாங்கிய சிங்காரச் சென்னை கார்டும் இருக்கின்றன. எதை எடுத்துக்கொண்டு போவது? ஒரே கார்டில் மூவரும் பயணம் செய்யலாமா?
– ஸ்ரீரங்கம் வாசகி

பதில்: அன்புள்ள அம்மா,

திருச்சியிலிருந்து சிங்கப்பூர் வழியாக லண்டன் போவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற கதைதான். ஆனாலும் தங்கை வீடு இருக்கும்போது வரைபடத்தை யார் பார்க்கிறார்கள்? சரி, பணத்துக்கு வருவோம். உங்கள் மகள் சொல்வதும் கணவர் சொல்வதும் பாதிப் பாதி சரி. அந்தப் பாதிகளை வீட்டிலேயே பிரித்துப் பார்த்துக்கொள்ளாவிட்டால், டிக்கெட் வாயிலில் பின்னால் வரிசை கட்டி நிற்பவர்களின் பெருமூச்சைக் கேட்க வேண்டியிருக்கும்.

முதலில் மகள் பேச்சு. அவர் சொல்லும் கூகுள் பே வேறு, உங்கள் போனில் இருக்கும் கூகுள் பே வேறு. பெயர் மட்டும்தான் ஒன்று. நீங்கள் காய்கறிக் கடையில் கறுப்பு வெள்ளைக் கட்டத்தைப் படம் பிடித்து, ரகசிய எண்ணை அழுத்திப் பணம் அனுப்புகிறீர்களே, அது யுபிஐ. உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து கடைக்காரர் கணக்குக்கு இணையம் வழியாகப் பணம் போகிறது. லண்டனில் உங்கள் மகள் வைத்திருப்பதோ, விசா அல்லது மாஸ்டர்கார்டு ஒன்றைப் போனுக்குள் ஏற்றி, போனையே அந்தக் கார்டாக நடிக்கவைக்கும் ஏற்பாடு. லண்டன் ரயில் வாயில் அரை நொடிக்குள் முடிவெடுத்துத் திறந்தாக வேண்டும். அவசர வேளையில் ஆயிரக்கணக்கானவர்கள் அதைக் கடக்கிறார்கள். அங்கே நின்று செயலியைத் திறந்து, கட்டத்தைப் படம் பிடித்து, எண்ணை அழுத்த நேரம் ஏது? ஆகவே லண்டன் பஸ்ஸிலும் பாதாள ரயிலிலும் யுபிஐ செல்லாது.

யுபிஐ வெளிநாட்டில் எங்குமே செல்லாது என்று சொல்லவில்லை. 2024 பிப்ரவரியில் இலங்கையிலும் மொரீஷியஸிலும் தொடங்கினார்கள். அதே மாதம் பாரிஸில் ஈஃபிள் கோபுர டிக்கெட்டுக்கும் வந்தது. சிங்கப்பூரிலும் சில கடைகள் ஏற்கின்றன. செயலியில் வெளிநாட்டு யுபிஐ வசதியைத் தனியாக இயக்கிவைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இதெல்லாம் கடைக் கல்லாவுக்கான வசதி.

அப்படியானால் உங்கள் கணவரின் விசா கார்டை அவர் போனுக்குள் ஏற்ற முடியாதா? சில இந்திய வங்கிகள் சில போன்களில் அனுமதிக்கின்றன, சில அனுமதிப்பதில்லை. அனுமதித்தாலும் இந்தியாவுக்குள் மட்டும் என்று நிறுத்திவிடுவதுண்டு. இதை லண்டனில் போய்த் தெரிந்துகொள்ளாதீர்கள். திருச்சியில் ஏதாவது பெரிய மருந்துக் கடைக்குப் போய், கட்டத்தைப் படம் பிடிக்காமல், கார்டு இயந்திரத்தின் மேல் போனைக் காட்டி ஒரு சோப்பு வாங்கிப் பாருங்கள். பணம் போனால், அடுத்ததாக வங்கிக்கு ஒரு கேள்வி: “இதே போன் வெளிநாட்டு இயந்திரத்திலும் வேலை செய்யுமா?” பதில் வழவழவென்று வந்தால் போன் யோசனையை விட்டுவிடுங்கள். எப்படியிருந்தாலும் உங்கள் இருவருக்கும் நான் சொல்வது பிளாஸ்டிக் கார்டைத்தான். அதற்கு பேட்டரி தீராது. லண்டன் ரயிலில் பரிசோதகர் வரும்போது போன் அணைந்திருந்தால், டிக்கெட் இல்லாமல் பயணம் செய்தவர் கணக்குதான். அபராதம் 100 பவுண்டு. 21 நாளுக்குள் கட்டினால் பாதி.

இப்போது கணவர் பேச்சு. லண்டன் பஸ்ஸில் 2014 ஜூலையோடு ரொக்கம் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். இடுப்பில் எத்தனை நோட்டு இருந்தாலும் ஓட்டுநர் தலையை ஆட்டிவிடுவார். ஆனால் நோட்டுக்கு வேறொரு வழி உண்டு. ஆய்ஸ்டர் என்று ஒரு நீலக் கார்டு. 2003 முதல் இருக்கிறது. பாதாள ரயில் நிலைய இயந்திரங்களிலும், அடையாளம் ஒட்டிய பெட்டிக்கடைகளிலும் ரொக்கம் கொடுத்து அதில் பணம் ஏற்றிக்கொள்ளலாம். புதிதாக வாங்கினால் கார்டுக்கென்று தரும் தொகை திரும்ப வராது. அதனால் மகளிடம் மேசை இழுப்பறையைத் துழாவச் சொல்லுங்கள். லண்டனில் நாலைந்து வருடம் இருந்த வீட்டில் பழைய ஆய்ஸ்டர் கார்டு ஒன்றாவது கிடக்கும். அதில் மிச்சமிருக்கும் பணமும் காலாவதியாவதில்லை.

ஆக, என் ஏற்பாடு இது: உங்கள் கணவருக்கு அவருடைய விசா கார்டு. உங்களுக்கு உங்கள் பெயரில் ஒரு விசா அல்லது மாஸ்டர்கார்டு. வங்கியில் இப்போதே விண்ணப்பியுங்கள், கூடுதல் கார்டாக இருந்தாலும் போதும். லண்டன் வாயில்கள் ஏற்பவை விசா, மாஸ்டர்கார்டு, மேஸ்ட்ரோ, அமெக்ஸ். ரூபே அந்தப் பட்டியலில் இல்லை. பேத்திக்கு ஆய்ஸ்டர்.

பேத்திக்கு மட்டும் ஏன் ஆய்ஸ்டர்? வங்கிக் கார்டுக்கு அதை வைத்திருப்பவரின் வயது தெரியாது. முழுக் கட்டணம் எடுத்துவிடும். 11 முதல் 15 வயது வரை உள்ள வெளியூர்க் குழந்தைகளுக்கு 14 நாள் வரை பாதிக் கட்டணச் சலுகை உண்டு. அதை ஆய்ஸ்டரில்தான் ஏற்ற முடியும், அதையும் நிலைய ஊழியர்தான் ஏற்றித் தர வேண்டும். ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்கியதும், அங்குள்ள பாதாள ரயில் நிலையத்தில் குழந்தையையும் பாஸ்போர்ட்டையும் காட்டிக் கேளுங்கள். இரண்டு வயது குறைந்திருந்தால் உங்களோடு பாதாள ரயிலில் இலவசமாகவே வந்திருப்பாள்!

மூவரும் ஒரே கார்டில் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூடாது. ஆளுக்கு ஒரு கார்டு. நம் ஊர் பஸ்ஸில் “மூணு ஸ்ரீரங்கம் குடுங்க” என்று கேட்பதுபோல அங்கே கேட்க முடியாது. வாயிலுக்குத் தெரிவது கார்டு எண் ஒன்றுதான். ஒரு எண் உள்ளே போனது, அதே எண் வெளியே வந்தது, இடையில் இவ்வளவு தூரம், இவ்வளவு காசு. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்ற விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

இதை நானே காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். 24 வருடம் வங்கியில் கார்டுப் பிரிவில் குப்பை கொட்டியவன் நான். அதில் கொஞ்ச காலம் லண்டனில் வேலை. அங்கே வாங்கிய கார்டு சட்டைப் பையில், அதே கார்டு போனுக்குள்ளும். ஒரு நாள் மாலை விக்டோரியா நிலையத்தில் போனைத் தொட்டு உள்ளே போனேன். ஹேமர்ஸ்மித்தில் வெளியே வரும்போது வீட்டிலிருந்து அழைப்பு. போன் காதில். இரண்டும் ஒரே கணக்குதானே என்று பையிலிருந்த கார்டை எடுத்துத் தொட்டேன். வாயிலும் திறந்தது. மறுநாள் கணக்கைப் பார்த்தால் ஒரே பயணத்துக்கு இரண்டு பெருந்தொகை! போனுக்குள் கார்டை ஏற்றும்போது பாதுகாப்புக்காக அதற்கு வேறொரு எண்ணைக் கொடுத்துவிடுகிறார்கள். கணக்கு ஒன்றானாலும் வாயிலின் கண்ணுக்கு இரண்டு ஆட்கள். ஒருவர் உள்ளே போய் வெளியே வரவேயில்லை. இன்னொருவர் உள்ளே போகாமலே வெளியே வந்திருக்கிறார். இருவருக்கும் உச்சக் கட்டணம். கைக்கடிகாரத்தில் கார்டு வைத்திருந்தால் அது மூன்றாவது ஆள். கார்டுப் பிரிவு அதிகாரிக்கே இந்தக் கதி என்று அலுவலகத்தில் ஒரு வாரம் சிரித்தார்கள்.

அப்படி நடந்துவிட்டால் வழி இல்லாமல் இல்லை. லண்டன் போக்குவரத்துத் துறையின் தளத்தில் கார்டைப் பதிவு செய்தால் ஒவ்வொரு பயணமும் தெரியும். முழுமையடையாத பயணத்துக்குப் பணம் திரும்பக் கேட்கலாம். ஊர் திரும்பிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாமல் அந்த வாரமே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, பெண்களுக்குத்தான் இது அதிகம் நேர்கிறது. கைப்பையைத் திறக்காமலே, பர்ஸோடு சேர்த்து, வாயிலில் கார்டைத் தொட வேண்டிய மஞ்சள் வட்டத்தின் மேல் வைப்பது. உள்ளே இரண்டு கார்டு இருந்தால் எதைப் படிக்கும் என்று சொல்ல முடியாது. போகும்போது ஒன்றையும் வரும்போது இன்னொன்றையும் படித்துவிட்டால் மேலே சொன்ன கதைதான். கார்டைத் தனியாக எடுத்துத் தொடுங்கள்.

புறப்படும் முன் செய்ய வேண்டியவற்றில் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது ஒரு சின்ன விஷயத்தில். ரிசர்வ் வங்கி விதிப்படி 2020 அக்டோபர் முதல், நம் வங்கிகள் தரும் புதிய கார்டு இந்தியாவுக்குள் ஏடிஎம்மிலும் கடை இயந்திரத்திலும் மட்டும்தான் வேலை செய்யும். வெளிநாட்டுப் பயன்பாடு ஒரு பூட்டு, தொட்டுச் செலுத்துவது இன்னொரு பூட்டு. இரண்டையும் நீங்களே திறக்க வேண்டும். வங்கிச் செயலியில் கார்டுப் பகுதிக்குப் போனால் உள்நாடு, வெளிநாடு என்று இரண்டு பிரிவு இருக்கும். வெளிநாட்டுப் பிரிவில் கடை இயந்திரம், தொட்டுச் செலுத்துதல் ஆகியவற்றுக்கு எதிரே இருக்கும் பொத்தான்களை நகர்த்தி, கீழே அன்றாட உச்சவரம்பையும் எழுதுங்கள். வரம்பு பூஜ்யத்தில் இருந்தால் பொத்தானை நகர்த்தியும் பயனில்லை. பலர் பொத்தானோடு நின்றுவிடுகிறார்கள். கார்டின் மேல் சாய்ந்த நான்கு வளைகோடுகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். வங்கியில் ‘வைஃபை குறி’ என்பார்கள், வைஃபைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அது இல்லாவிட்டால் கார்டை மாற்றச் சொல்லுங்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பூட்டைத் திறக்காமல் போனாலும் லண்டனில் முதல் வாயில் பெரும்பாலும் திறந்துவிடும்! அந்த அரை நொடியில் அது திருச்சிக் கிளையைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. கார்டு உண்மையானதா, தடைப் பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு உள்ளே விடுகிறது. அதன் பிறகுதான் ஒரு சிறு தொகைக்கு உங்கள் வங்கியிடம் அனுமதி கேட்கிறார்கள். வங்கி மறுத்தால் உங்கள் எண் தடைப் பட்டியலில் ஏறி எல்லா வாயில்களுக்கும் போய்விடும். நீங்கள் ரயிலில் சாவகாசமாக வேடிக்கை பார்த்துக்கொண்டு போய் ஈஸ்ட் ஹாமில் இறங்கிக் கார்டைத் தொட்டால் சிவப்பு விளக்கு. பெட்டியும் கையுமாக, முன்னும் போக முடியாமல் பின்னும் போக முடியாமல். அப்படி நேர்ந்தால் பதற வேண்டாம், அகலமான வாயில் பக்கத்தில் ஊழியர் நிற்பார், அவரிடம் கார்டைக் காட்டுங்கள். பொத்தான்களைச் சரிசெய்து, நிலுவையை இணையத்தில் கட்டினால் கார்டு மறுபடி செல்லுபடியாகும். இணையத்தில் கட்ட வங்கியின் குறுஞ்செய்தி எண் வரவேண்டும் அல்லவா? அதற்காகத்தான் இந்திய சிம்மைக் கழற்றி வைக்காமல் ரோமிங்கோடு வைத்திருக்கச் சொல்கிறேன்.

செலவு? நம் வங்கிகள் பல, வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் வரை மாற்றுக் கட்டணமும், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் பிடிக்கும். 10,000 ரூபாய்க்குப் பயணம் செய்தால் 413 ரூபாய் கூடுதல். மாற்றுக் கட்டணமே இல்லாத கார்டுகளும் இருக்கின்றன. புதிதாகத்தானே விண்ணப்பிக்கப் போகிறீர்கள், அதைக் கேட்டுப் பாருங்கள். கடையில் கார்டு இயந்திரம் “பவுண்டிலா, ரூபாயிலா?” என்று கேட்டால் பவுண்டு என்று சொல்லுங்கள். ரூபாய் என்றால் நம் ஊர்க் காசாயிற்றே என்று பாசம் வரும்; அந்தப் பாசத்துக்குத் தனிக் கட்டணம் உண்டு, மாற்று விகிதத்திலேயே அதைச் சேர்த்துவிடுவார்கள். ரயில் வாயிலில் இந்தக் கேள்வி வராது.

ஹீத்ரோவிலிருந்து ஈஸ்ட் ஹாம் போவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். எலிசபெத் பாதை என்ற ரயில் தடம் வேகமானது. வைட்சேப்பலில் மாறி டிஸ்ட்ரிக்ட் பாதையில் ஏறினால் ஈஸ்ட் ஹாம். பிக்கடில்லி பாதை மெதுவாகப் போகும், கட்டணம் பாதிக்கும் குறைவு. அதில் வந்தால் ஹேமர்ஸ்மித்தில் இறங்கி அதே நடைமேடையில் எதிர்ப்பக்கம் வரும் டிஸ்ட்ரிக்ட் ரயிலில் ஏறிக்கொள்ளலாம். பெட்டியோடு படி ஏறத் தேவையில்லை என்பதால் உங்கள் வயதுக்கு நான் பிக்கடில்லிதான் சொல்வேன். ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் என்று ஒன்று பளபளவென்று நிற்கும். அதுவும் கார்டைத் தொட்டால் திறக்கும், அதனாலேயே தெரியாமல் ஏறிவிடுபவர்கள் உண்டு. விலை கண்ணைக் கட்டும்.

ஒரு நாளைக்கு எத்தனை முறை ஏறி இறங்கினாலும் ஒரு தொகைக்கு மேல் எடுக்க மாட்டார்கள், திங்கள் முதல் ஞாயிறு வரைக்கும் அப்படி ஒரு வரம்பு உண்டு. அதனால் வாரப் பாஸ் வாங்கலாமா என்று கணக்குப் போட்டுத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அதே கார்டையே தொடுங்கள், கணக்கை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். பஸ்ஸில் ஏறிய ஒரு மணி நேரத்துக்குள் வேறு பஸ் மாறினால் கூடுதல் கட்டணம் இல்லை. மகள் உங்களை கிரீனிச்சுக்கு அழைத்துப் போவார். அந்தப் பக்கம் ஓடும் டிஎல்ஆர் ரயிலின் பல நிலையங்களில் வாயிலே கிடையாது, கம்பத்தில் கருவி மட்டும் நிற்கும். தடுக்க ஆளில்லை என்று நடந்துவிடாமல் தேடிப்போய்த் தொட வேண்டும், ஏறும்போதும் இறங்கும்போதும்.

சிங்கப்பூரில் ஒரு வித்தியாசம், இதைக் கொஞ்சம் கவனியுங்கள். லண்டன் பஸ்ஸில் ஏறும்போது மட்டும் தொட்டால் போதும். சிங்கப்பூர் பஸ்ஸில் இறங்கும்போதும் தொட வேண்டும், ஏனென்றால் அங்கே பஸ்ஸுக்கும் தூரத்தைப் பொறுத்துத்தான் கட்டணம். மறந்தால் அந்த பஸ் போகும் கடைசி நிறுத்தம் வரைக்கும் போனதாக எடுத்துக்கொள்ளும். நீங்கள் முதலில் போவது சிங்கப்பூர் என்பது நல்லதாயிற்று. அந்தப் பழக்கத்தோடு லண்டன் போனால் ஓட்டுநர் வேண்டுமானால் சிரிப்பார், காசு போகாது. லண்டன் பழக்கத்தோடு சிங்கப்பூர் வந்திருந்தால் தினமும் போகும்.

அங்கேயும் உங்கள் விசா, மாஸ்டர்கார்டு செல்லும். வெளிநாட்டு வங்கிக் கார்டாக இருந்தால், பயன்படுத்துகிற நாளுக்கு 60 சென்ட் தனியாக எடுப்பார்கள். இருவருக்கும் நான்கு நாளைக்கு 4 டாலர் 80 சென்ட். அதற்காக ஈசி-லிங்க் என்ற உள்ளூர்க் கார்டை ஆளுக்கொன்று புதிதாக வாங்கினால், கார்டுக்கென்றே தலைக்கு 5 டாலர் போகும். லாபமில்லை. இங்கேயும் தங்கை வீட்டு இழுப்பறைதான் கதி. பேத்திக்கு எப்படியும் ஒன்று வேண்டும். பழைய ஈசி-லிங்க் கார்டுகளை ஒழித்துவிடுவதாக 2024 ஜனவரியில் அறிவித்தார்கள். கார்டைத் தொடும்போது மிச்சம் எவ்வளவு என்று வாயிலிலேயே காட்டும் வசதி போய்விடுமே என்று மக்கள் பிடித்த பிடியில், அதே மாதம் 22ஆம் தேதி அந்த முடிவைத் திரும்பப் பெற்று, பழைய முறையைத் தொடர 4 கோடி டாலர் ஒதுக்கினார்கள். கட்டணம் எவ்வளவு போனது என்று கண்ணால் பார்க்க நினைப்பது கஞ்சத்தனமல்ல என்று ஒரு அரசே ஒப்புக்கொண்டதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. தேக்கா சந்தையில் சாப்பிடவும் பூ வாங்கவும் கொஞ்சம் சிங்கப்பூர் நோட்டும் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் கணவர் ஆசையும் நிறைவேறட்டும்.

இரண்டு வங்கிக் கார்டுகளையும் ஒரே பர்ஸில் வைக்காதீர்கள். ஒன்று தொலைந்தால் வங்கிச் செயலியில் உடனே முடக்கிவிட்டு மற்றதைக் கொண்டு சமாளிக்கலாம். ஊர் திரும்பியதும் வெளிநாட்டுப் பொத்தான்களை மறக்காமல் அணைத்துவிடுங்கள்.

சிங்காரச் சென்னை கார்டைக் கேட்டிருந்தீர்கள். சென்னை மெட்ரோவில் அருமையான கார்டு அது, மாநகரப் பேருந்திலும் வாங்கிக்கொள்கிறார்கள். ஆனால் அதுவும் ரூபே குடும்பம்தான். லண்டனிலும் சிங்கப்பூரிலும் வாயிலைத் திறக்காது. கைப்பையில் கிடந்தால் மற்ற கார்டோடு சேர்ந்து கருவியைக் குழப்பும், அவ்வளவுதான் அதனால் ஆகும் காரியம். பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுப் புறப்படுங்கள்.